மூன்றாவது பெயர்

என் சம்பந்தியை நான் முதலில் பார்த்தது செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து நிறுத்திய டேப்லெட்டில் அவர் முகம் தெரிந்தது. என் மகள் கனடாவில் வேலை பார்க்கிறாள். அங்கே உடன் வேலை பார்க்கும் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையும் அவன் அப்பாவையும் எங்களுக்கு அறிமுகப்படுத்தினாள். அப்பா அந்த நாட்டின் கிழக்குக் கோடியில், கடலோரச் சிற்றூர் ஒன்றில் தனியாக இருப்பவர். மனைவி காலமாகிவிட்டார். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

என்னென்ன கேட்பது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"உங்கள் பூர்வீகம் எது?" என்றார்.

பம்பாயில் ரயிலில் பக்கத்தில் வந்து உட்காருகிறவர் கேட்கும் கேள்வி இது. கனடாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம் என்றேன். எத்தனை தலைமுறையாக, யார் முதலில் பம்பாய்க்கு வந்தார், ஏன் வந்தார் என்று அடுத்தடுத்துக் கேட்டார். பிறகு தன்னுடையதைச் சொன்னார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு தீவு. நிலத்திலிருந்து விரட்டப்பட்டுக் கப்பலேறிய குடும்பம். குலத்துக்கு ஒரு பெயர், அதற்கென்று ஒரு கட்டம் போட்ட துணி, ஒரு சின்னம். சொல்லும்போது அவர் குரலில் பெருமையைவிட, பத்திரமாக வைத்திருக்கும் பொருளை எடுத்துக் காட்டுகிறவரின் கவனம்தான் இருந்தது. எனக்கு அது பிடித்துப்போயிற்று. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவர் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பேசினோம். அவருடைய முன்னோர்களான கெல்டிக் மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தது. பிறகு மாட்டுங்கா நூலகத்தில் தேடிப் படித்தது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரும்பரப்பில் அவர்களுடைய மொழிகள் பேசப்பட்டன, இன்று மேற்கு ஓரங்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம் என்று படித்ததை டயரியில் குறித்துக்கொண்டேன். அவர் ஐம்பது வயதுக்குமேல் மாலை வகுப்பில் சேர்ந்து, அவற்றில் ஒன்றான கேலிக் மொழி கற்றிருக்கிறார். கோடையில் அவருடைய ஊரில் குலங்கள் கூடும் விழா நடக்கும். பல ஊர்களிலிருந்து வருவார்கள். எந்தக் குலத்தைச் சேர்ந்தவர் என்று தெரியாதவர்கள் ஒரு மேஜைக்கு வந்து குடும்பப் பெயரைச் சொன்னால், தேடிப் பார்த்து எடுத்துச் சொல்வார்கள். அந்த மேஜையில் உட்காருகிறவர் இவர்தான்.

"எதற்காக இத்தனை பேர் வருகிறார்கள்?" என்று கேட்டேன்.

"குளிர்ப் பிரதேசத்தில் தனித்தனி வீடுகளில் இருக்கிறோம். தனக்கு முன்னால் ஒரு கூட்டம் நடந்து போயிருக்கிறது என்று தெரிந்தால் ஆறுதல்" என்றார். பிறகு சிரித்தார். "குலத்துக்கு ஒரு துணி என்பதெல்லாம் அவ்வளவு பழசில்லை. பெரும்பாலும் துணி வியாபாரிகள் செய்த ஏற்பாடு. தங்களைக் கெல்ட் என்று அந்தக் காலத்தில் அங்கே யாரும் சொல்லிக்கொள்ளவில்லை என்றுகூட இப்போது சொல்கிறார்கள். இருந்தாலும் நான் கட்டிக்கொள்கிறேன்."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"ஏன்னா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறேளா, இல்லே உங்களுக்கு சிநேகிதன் பாக்கறேளா? அந்தப் பையன் என்ன சம்பளம் வாங்கறான்னு இன்னும் கேக்கலை."

"அது அடுத்த வாரம்" என்பேன்.

கல்யாணம் எங்கள் முறைப்படி செம்பூரில் நடக்கட்டும், பதிவு கனடாவில் என்று முடிவாயிற்று. மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் வாத்யாரைப் போய்ப் பார்த்தேன். கலப்புக் கல்யாணங்கள் பல செய்து வைத்தவர். எப்போதும் ஒரு கல்யாணத்திலிருந்து இன்னொரு கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்.

"கோத்திரம் இல்லேன்னா காச்யபம்னு வெச்சுப்போம், பிரச்னை இல்லை" என்றார். "ஆனா மூணு தலைமுறை பேர் எனக்கு வேணும். இன்னாரோட கொள்ளுப்பேரன், இன்னாரோட பேரன், இன்னாரோட பிள்ளைன்னு மூணு தடவை உரக்கச் சொல்லணும். அதைச் சொல்லாம கன்னிகாதானம் இல்லை. அதை மட்டும் விட்டுடச் சொல்லாதீங்கோ."

விடச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. பெயர்களைக் கேட்டால் சம்பந்தி சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அன்றே எழுதிக் கேட்டேன். பதில் உடனே வரவில்லை. அவருக்கு அது வழக்கமில்லை. இதற்கிடையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் நாள் வந்துவிட்டது. கேட்டு எழுதியிருந்த குறிப்புகள் என்னிடம் ஏற்கெனவே இருந்தன. எங்கள் குடும்பங்களில் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் கிராமத்தைப் போடுவது வழக்கம். அந்தக் கிராமத்தில் யாரும் இல்லாவிட்டாலும், வீடு விற்றுப்போயிருந்தாலும் போடுவோம். மாப்பிள்ளைக்கும் அப்படியே போட்டேன்: இன்ன தீவு, இன்ன குலம், இன்னாருடைய பேரன். அப்படிப் போடுவதே மரியாதை என்று தோன்றியது. யாரையும் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

தாராவியில் தமிழ் அச்சகம் வைத்திருப்பவர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். நான் எழுதிக் கொடுத்ததைக் கண்ணாடியை உயர்த்திப் பிடித்துப் படித்தார்.

"அண்ணாச்சி, இது எந்தத் தீவு? தீவுன்னு போட்டா நம்ம ஆளுவ ராமேஸ்வரம்னுலா நெனப்பாவ."

"ஸ்காட்லாந்துன்னு முன்னாலயே இருக்கே."

"இருக்கு. யாரு படிக்கா? பத்திரிகையில முகூர்த்த நேரமும் சாப்பாட்டு நேரமுந்தான் படிப்பாவ." கொஞ்சம் யோசித்தார். "ஆனாலும் நல்லாருக்கு. எவ்வளவு தூரத்துல இருந்தாலும் ஊர விடாம வச்சிருக்காரு பாத்தீயளா. தடிமனான எழுத்துல போடுதேன்."

தடிமனான எழுத்திலேயே போட்டார். படம் எடுத்து, ஆங்கிலத்தில் அர்த்தமும் எழுதிச் சம்பந்திக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. ஒன்றும் எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜலதோஷம் என்று சொல்லி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிறகு மூன்று பெயர்களை மட்டும் அனுப்பினார், வேறு ஒரு வார்த்தை இல்லாமல்.

மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, நீ அவர்கிட்ட ஏதாவது சொன்னியா?"

"பத்திரிகை அனுப்பினேன். அவ்வளவுதான்."

"அவர் சரியாவே பேசலை. கல்யாணத்துல அந்தப் பேர் சொல்றது கட்டாயமான்னு கேட்டார். அரே, அவருக்கு இதெல்லாம் உயிராச்சே?"

எனக்கும் அதுதான் புரியவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக அவர்கள் வந்து சேர்ந்தார்கள். சம்பந்தி எங்களோடு தங்கினார். நேரில் இன்னும் உயரம். காலையில் என்னோடு நடக்க வருவார். கட்டிடக் காவலாளிக்கு வணக்கம் சொல்வார். மனைவி எது போட்டாலும் சாப்பிடுவார். ஆனால் தீவைப் பற்றியோ குலத்தைப் பற்றியோ அவராக ஒரு பேச்சும் எடுக்கவில்லை. நான் எடுத்தால் நகர்ந்துவிடுவார். இஸ்திரிக்குத் துணி போடும் நாளில் என் மனைவி அவருடைய உடைகளையும் சேர்த்துக் கேட்டாள். அவர் இரண்டு சட்டைகளை மட்டும் கொடுத்தார்.

அவள் என்னிடம் வந்து தணிந்த குரலில், "அந்தக் கட்டம் போட்ட பாவாடையைக் காணும். அதைக் கட்டிண்டு நிக்கப் போறார்னு நான் மகிளா சமாஜம் பூரா சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள்.

அவர் அதைக் கொண்டுவரவில்லை. மகன் கேட்டபோது எடை அதிகம் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு முற்பகல் அவரை வாத்யார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பெயர்களைச் சரியாக உச்சரிக்க வேண்டும், நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்று வாத்யார் சொல்லியிருந்தார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, பேனாவைத் திறந்துகொண்டார். சம்பந்தி தன் பெயரைச் சொன்னார். வாத்யார் தேவநாகரியில் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, திருத்திக்கொண்டார். தன் தந்தையின் பெயரைச் சொன்னார். அதுவும் ஆயிற்று.

"தாத்தா?" என்றார் வாத்யார்.

அவர் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, மன்னிக்க வேண்டும், காற்று வேண்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

வாத்யார் என்னைப் பார்த்தார். "வெயில் ஒத்துக்கலை போல. கூட்டிண்டு போய் காபி வாங்கிக் குடுங்கோ. பேரை அப்பறம் போன்ல சொன்னாப் போறும்."

ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் உட்கார்ந்தோம். இரண்டு காபி வந்தது. அவர் டபராவில் ஊற்றாமல் சூடான டம்ளரையே பிடித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். நான் ஊற்றி ஆற்றிக் கொடுத்தேன்.

"அந்த மூன்றாவது பெயரை நெருப்பின் முன்னால் சொல்ல எனக்கு உரிமை இல்லை" என்றார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, விழா மேஜையில் எல்லோருக்கும் சொல்கிறோமே, நம்முடையதையும் உறுதி செய்துகொள்வோம் என்று எச்சில் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். வந்த முடிவு, தந்தை வழியில் அந்தத் தீவோடு எந்தத் தொடர்பும் காட்டவில்லை. தவறு என்று நினைத்தார். கடைசியாக உயிரோடு இருந்த ஓர் அத்தையிடம் போய்க் கேட்டார். அத்தை அழுதுகொண்டே சொன்னாள். அவருடைய தந்தை இங்கிலாந்தில் ஓர் அநாதை விடுதியிலிருந்து சின்ன வயதில் கப்பலில் அனுப்பப்பட்ட பையன். அந்தக் காலத்தில் அப்படிப் பல பிள்ளைகளைப் பண்ணை வேலைக்கு அனுப்பினார்கள். தீவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று அவரை எடுத்து வளர்த்தது. தன் பெயரைக் கொடுத்தது. வெளியே சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அவருடைய தந்தை சாகும்வரை அதைச் சொல்லவில்லை.

"வாழ்நாள் முழுக்க ஊரார் குலத்தையெல்லாம் எடுத்துச் சொன்னேன். எனக்கே அது இல்லை. என் மகனிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களோ அதைத் தடித்த எழுத்தில் அச்சடித்துவிட்டீர்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் பையில் பத்திரிகை ஒன்று இருந்தது. எடுத்து மேஜையில் விரித்தேன். பெண் வீட்டுப் பக்கத்தில் போட்டிருந்த கிராமத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"இந்தக் கிராமத்துக்கு நான் மொத்தமாக நாலைந்து தடவை போயிருப்பேன். இது என்னைப் பெற்றவருடைய ஊர் இல்லை. இங்கே என் அப்பா என்று போட்டிருக்கிறதே, இவர் என் அம்மாவின் அக்கா கணவர். எனக்குப் பெரியப்பா முறை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. எனக்கு ஆறு வயதில் என்னைச் சுவீகாரம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என் கோத்திரமே வேறு. அமாவாசையன்று தண்ணீர் விடும்போது பெரியப்பா, அவருடைய அப்பா, அவருடைய தாத்தா, இந்த மூன்று பேரைச் சொல்லித்தான் விடுகிறேன். இவர்கள் ரத்தம் என்னிடம் ஒரு சொட்டு இல்லை. நம் கல்யாணத்தில் பெண் பக்கம் என் பெயரோடு வாசிக்கப்போவது இவர்களில் முதல் இரண்டு பேரைத்தான்."

அவர் பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்களை எல்லோருக்கும் தெரியக் கொடுத்தார்கள்" என்றார். "சடங்கு செய்து, ஊரைக் கூட்டி. என் தந்தையைக் கப்பலில் ஏற்றி விட்டார்கள். பிறகு மறைத்தார்கள். இரண்டும் ஒன்றில்லை."

"ஒன்றில்லைதான்" என்றேன். எனக்கு நடந்ததும் முழுக்கச் சுகமாக நடந்ததில்லை. என்னைப் பெற்றவர் காலமானபோது எனக்கு மூன்று நாள் தீட்டுத்தான். காரியங்களை என் அண்ணன் செய்தான். நான் ஓரமாக நின்றேன். அதையும் அவரிடம் சொன்னேன். பெரியப்பா என்னைச் செம்பூருக்குக் கூட்டி வந்த முதல் வாரம் நான் யாரிடமும் பேசவில்லை என்பதையும், அவர் ஒன்றும் வற்புறுத்தாமல் தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து என்னை ஸ்டேஷன் மேம்பாலத்துக்குக் கூட்டிப்போய் ரயில் பார்க்கவிட்டார் என்பதையும் சொன்னேன். அவருக்கு முதுகு வலி உண்டு. ஆனாலும் நான் போதும் என்று சொல்லும்வரை நின்றார்.

சம்பந்தி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "பழைய கேலிக் தலைவர்கள் தங்கள் பிள்ளைகளை வேறு வீட்டில் வளரக் கொடுப்பார்கள். வளர்த்த வீட்டுப் பாசம் பெற்ற வீட்டுப் பாசத்தைவிடக் கெட்டி என்று கருதினார்கள். இதை நான் மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டல்கூட வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன காபியைக் குடித்தார். "மகனிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் பயமாக இருக்கிறது. அவனுக்குப் பெருமையாகக் கொடுத்தது அது ஒன்றுதான்."

அன்று சாயங்காலம் என் மனைவி ஒரு மூட்டைப் பட்டாணியை ஹாலில் செய்தித்தாளில் கொட்டியிருந்தாள். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் உரிக்க வேண்டும், விருந்தாளி உள்பட. சம்பந்தியும் கீழே உட்கார முடியாமல் முக்காலியில் உட்கார்ந்து உரித்தார். மாப்பிள்ளை பாதியை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். மகள் அவன் கையில் தட்டினாள். அந்த நேரத்தில், பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் மகனிடம் சொல்லத் தொடங்கினார். என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். நான் எழுந்து போகப் பார்த்தேன். இருங்கள் என்று கையைக் காட்டினார்.

மாப்பிள்ளை உரிப்பதை நிறுத்திவிட்டான்.

"உனக்கு எப்போது தெரியும்?"

"இரண்டு வருஷமாக."

"இரண்டு வருஷமாக இதைத் தனியாகவா வைத்துக்கொண்டிருந்தாய்?"

அவன் எழுந்து பால்கனிக்குப் போனான். மகள் எழுந்தாள். என் மனைவி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். கீழே ஆட்டோக்காரன் ஒருவன் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவன் போன பிறகும் மாப்பிள்ளை வரவில்லை. சம்பந்தி ஒரே பட்டாணித் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து, "தாத்தா எப்போதும் சட்டைப் பையில் ஒரு ரொட்டித் துண்டு வைத்திருப்பார். நினைவிருக்கிறதா? பாட்டி துவைக்கும்போது திட்டுவாள்" என்றான்.

"நினைவிருக்கிறது" என்றார் சம்பந்தி. பிறகு மெல்ல, "நான் அதை நினைக்கவே இல்லை" என்றார். அந்த இரண்டு வருஷத்தில் தன் குலத்தைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார். கப்பலில் வந்த அந்தப் பையனைப் பற்றி, தன் தந்தையைப் பற்றி, யோசிக்கவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது.

ஆங்கிலத்தில் பேசிய எல்லாவற்றையும் மகள் தன் அம்மாவுக்குக் காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவிக்கு ஆங்கிலம் புரியும். உணர்ச்சியான விஷயம் என்றால் தமிழில் கேட்டால்தான் அவளுக்கு நம்பிக்கை.

"அவாத்துல அந்தக் கொழந்தைக்கு நன்னா சாப்பாடு போட்டாளாமா? வேலைக்காரன் மாதிரி வெச்சிண்டாளா, பிள்ளை மாதிரி வெச்சிண்டாளா? அதைக் கேளுடி."

மகள் கேட்டாள். சம்பந்தி கையிலிருந்த தோலைக் கீழே போட்டார். சுவரைப் பார்த்தார். பிறகு அவருடைய குரல் மாறியது. தொழிலைப் பற்றிப் பேசும் குரலாயிற்று.

"என் தந்தையை வளர்த்த பெரியவருக்குச் சொந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். என் தந்தை மூன்றாவது. நிலத்தை அவர் உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிட்டார். பின்னால் எல்லைத் தகராறு வரக் கூடாது என்று நான்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை அளந்து கல் போட்டேன். மேடு பள்ளமான நிலம். சமமாகப் பிரிப்பது சுலபமில்லை. எங்கள் பங்கில் பாறை அதிகம் என்பதால் அதை அகலமாக விட்டிருந்தார். மூன்று பங்குக்கும் கடலுக்கு வழி விட்டிருந்தார்." கொஞ்சம் நிறுத்தினார். "என் கையால் அளந்தேன். அன்று எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. மூன்று பிள்ளைகள், மூன்று பங்கு என்றுதான் நினைத்தேன்."

"அப்பறம் என்ன?" என்றாள் என் மனைவி. "தாத்தாதானே அவர்? பட்டாணி அப்படியே கெடக்கு."

இதை மகள் மொழிபெயர்த்ததும் மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தான். சம்பந்தி சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவர்களிருவரும் அவருடைய தந்தையைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பட்டாணியை முடித்தோம்.

மறுநாள் காலை அவரே வாத்யாரைக் கூப்பிடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தை மறைக்க வேண்டாம் என்று அவர் சொன்னதால், அவருடைய தந்தை வளர்ப்புப் பிள்ளை என்று சொன்னேன்.

"சுவீகாரமா? சுவீகாரம் போன ஆத்துப் பேர்தான் சொல்லணும். இதுக்காகவா அன்னிக்கு எழுந்து போனார்?" வாத்யார் வண்டியில் போய்க்கொண்டிருந்தார் போலிருக்கிறது, ஹாரன் சத்தம் கேட்டது. "ஹோமம் ஏதாவது பண்ணி எடுத்துண்டாளா?"

கேட்டேன். இல்லை, குளிர்காலத்தில் வந்து இறங்கிய பையனை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சூப் கொடுத்ததாக அத்தை சொன்னாள், அவ்வளவுதான் தெரியும் என்றார்.

"அக்னி இருந்துது. அன்னம் போட்டா. என் கணக்குல அது போறும். பேரைச் சொல்லச் சொல்லுங்கோ, சிக்னல் விழறதுக்குள்ள."

சம்பந்தி ஃபோனை வாங்கிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார். வாத்யாருக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை சொன்னார், இன்னும் நிறுத்தி.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அதற்கடுத்த நாட்களில் நடக்கப் போகும்போது, தன் தந்தையைப் பெற்றவள் யாராக இருக்கும் என்று இரண்டு தடவை கேட்டார். என்னைக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார். ஊருக்குத் திரும்பியதும் அதைத் தேடப் போவதாகவும், விழா மேஜையில் இனியும் உட்காரலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னார். உட்கார வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது, அதைச் சொன்னேன். தலையசைத்தார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை.

எனக்கும் ஒன்று நடந்தது. பெரியப்பாவைப் பற்றி நான் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை. சொல்ல வேண்டிய சந்தர்ப்பமே வந்ததில்லை. எங்களவர்களில் சுவீகாரம் என்று சொன்னால் ஓஹோ என்று கேட்டுக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். தன் வம்சத்தைத் தேடித் தேடி அலைந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான், எனக்குக் கிடைத்தது என்ன என்று எனக்கே வரிசையாகத் தெரிந்தது. மேம்பாலம், பள்ளிக்கூடம், இந்த வீடு, இந்தப் பெயர். எழுதி வைக்கும் பழக்கம்கூடப் பெரியப்பாவுடையதுதான். இதற்காக என் சம்பந்திக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

கல்யாணத்தன்று அவர் வேஷ்டி கட்டிக்கொண்டார். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தது. இருந்தும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருந்தார். பையனுக்குப் பின்னால் அவரும், பெண்ணுக்குப் பின்னால் நாங்களுமாக உட்கார்ந்தோம். நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வாத்யார் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். காச்யப கோத்திரம் என்றார். முதல் தடவை அந்த மூன்றாவது பெயரில் அவருடைய நாக்கு இடறியது. சம்பந்தி முன்னால் குனிந்து சரியாகச் சொன்னார், மணமேடையில் எல்லோருக்கும் கேட்கும்படியாக. இரண்டாவது தடவை வாத்யார் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார். மூன்றாவது தடவை இருவரும் சேர்ந்து சொன்னார்கள். மாப்பிள்ளை திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

பிறகு எங்கள் பக்கம். கோத்திரம், என் பெரியப்பாவின் அப்பா, பெரியப்பா, நான். முதல் இரண்டும் எத்தனையோ அமாவாசைகளில் நானே சொன்ன பெயர்கள். வேறொருவர் வாயால், சபையில், என் மகளுக்காகச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

சம்பந்தி என் பக்கம் சாய்ந்தார். "இப்போது சொன்னாரே, மேம்பாலத்தில் நின்றவர், அவரா?" என்று கேட்டார்.

"அவர்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாத்யார் இன்னும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இருவரும் கேட்டோம்.